தண்ணி டம்ளரை அதிர வைத்தது டைனோசர் இல்லை, கிட்டார் கம்பி! 'ஜுராசிக் பார்க்' காட்சியில் பலர் கவனிக்காத விஷயங்கள்

கொட்டும் மழை. கரண்ட் போன பூங்கா. வேலி ஓரம் நின்றுபோன கார், உள்ளே இரண்டு குழந்தைகள். டேஷ்போர்டு மேல் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர். 'டும்'னு ஒரு அதிர்வு... தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரிகிறது. அவ்வளவுதான், தியேட்டரே கப்சிப்!

1993-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் வெளியான 'ஜுராசிக் பார்க்' படத்தில் டி-ரெக்ஸ் முதன்முதலில் வெளியே வரும் காட்சி இது. டைனோசர் இன்னும் கண்ணில் படவே இல்லை. ஆனா பயம் வந்தாச்சு.

ஐடியா எப்படி வந்தது?

ஒருநாள் ஸ்பீல்பெர்க் காரில் பாட்டை சத்தமாக வைத்தபோது, பேஸ் அதிர்வில் உள்ளே இருந்த கண்ணாடி ஆடியிருக்கிறது. டைனோசர் நடந்து வரும்போதும் இப்படித்தான் ஆடணும், தண்ணீரும் அதிரணும் என்று கேட்டார். கண்ணாடியை ஆட்டுவது பெரிய விஷயமில்லை. தண்ணீர்தான் படுத்தி எடுத்தது. டம்ளரை உலுக்கினால் தண்ணீர் தளும்பும், அழகான வட்டம் வராது.

ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பொறுப்பில் இருந்த மைக்கேல் லான்டியரி, ஷூட்டிங்குக்கு முந்தைய இரவு ஒரு கிட்டார் மேல் டம்ளரை வைத்து கம்பியை மீட்டிப் பார்த்தார். தேடிய வட்டம் கிடைத்துவிட்டது! பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தரை வரை கிட்டார் கம்பியை இழுத்துக் கட்டி, காருக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு மீட்டினார். கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்காகக் கொண்டாடப்படும் படத்தில், எல்லோர் மனதிலும் நின்ற ஷாட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு கம்பி.

ஏன் இவ்வளவு வேலை செய்கிறது?

டைனோசர் எவ்வளவு வெயிட் என்று நம்மில் யாருக்கும் அனுபவத்தில் தெரியாது. ஆனால் டம்ளர் தண்ணீர் எப்போது ஆடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்தை வைத்து, தெரியாத மிருகத்தின் எடையை நம்மையே கணக்குப் போட வைக்கிறார் இயக்குநர். அடுத்து, வேலிக்குள் கட்டியிருந்த ஆட்டைக் காணோம். 'ஆடு எங்கே?' என்று சிறுமி கேட்கும்போதே கார் கூரைக் கண்ணாடி மேல் தொப்பென்று விழுகிறது, ஆட்டின் கால். டி-ரெக்ஸ் முழுசாகத் தெரிவது அதற்கு அப்புறம்தான். 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பதே சுமார் 15 நிமிடம்!

இன்னொன்று, இந்தத் தாக்குதல் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. ஜான் வில்லியம்ஸ் மாதிரி ஒரு இசையமைப்பாளரை வைத்துக்கொண்டு அமைதியாக விட ரொம்ப தைரியம் வேணும். மழையும் உறுமலும் மட்டும்தான் கேட்கும். அந்த உறுமல்கூட குட்டி யானை, புலி, முதலை சத்தங்களைக் கலந்து செய்தது.

படத்தின் தொடக்கத்திலும் ஒரு குட்டி விஷயம் உண்டு. ஹெலிகாப்டரில் டாக்டர் கிராண்டுக்கு சீட் பெல்ட்டின் இரண்டு முனையும் ஒரே மாதிரி கிடைக்கும். மாட்ட முடியாமல் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வார். பெண் டைனோசர்கள் மட்டுமே உள்ள தீவில் பின்னால் முட்டைகள் கிடைப்பதற்கான முன்னோட்டம் இது என்கிறார்கள் ரசிகர்கள். திட்டம் போட்டு வைத்ததா, தற்செயலா என்பது தனி பஞ்சாயத்து.

அடுத்த முறை டிவியில் படம் போட்டால், ஜீப்பை டி-ரெக்ஸ் துரத்தும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பாருங்க. 'கண்ணாடியில் தெரிவது நிஜத்தில் இன்னும் பக்கத்தில் இருக்கிறது' என்ற வழக்கமான எச்சரிக்கை இருக்கும். அதற்குப் பின்னால், கண்ணாடி முழுக்க பல்லுதான்!