மட்டாஞ்சேரியின் காற்றும் சட்டத்தின் அளவுகோலும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடப்பவரை முதலில் வந்து எதிர்கொள்வது மணமே. மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் வாசனை காயற் காற்றோடு கலந்து வரும். சற்று மேற்கே, வேளியிலுள்ள தோபிகானாவில் தமிழ் வண்ணார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து உலர்த்தி வருகின்றனர். நம்மவர் பலரைப் போலவே அவர்களுக்கும் வெட்டவெளியே தொழிற்கூடம். காற்று கெடுமாயின் புகையைச் சுவாசிப்பதில் முதல்வர் இத்தகையோரே.

2023 மார்ச் 2ஆம் தேதி, நகருக்குக் கிழக்கே பிரம்மபுரத்துக் குப்பைமேட்டில் தீப் பற்றிற்று. கொச்சி மாநகராட்சியின் குப்பை பல்லாண்டுகளாக அங்கேதான் குவிந்து வந்தது. மட்டாஞ்சேரிக் குப்பையும் அதில் அடக்கம். பிளாஸ்டிக் மிகுந்த குவியலாதலின் மேலே தணிந்த நெருப்பு உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. கடற்படை ஹெலிகாப்டர்கள் நீரிறைத்தும், முற்றும் அணையப் பத்து நாட்களுக்கு மேலாயிற்று. பள்ளிகள் மூடப்பெற்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்து உத்தரவிட்டது.

இத்தகைய புகையில் மிகக் கொடியது, 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரான். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இத்துகள். மூக்கின் மயிரும் சளியும் இதனைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று குருதியிலும் கலக்கும். ஆகவேதான் இருமல், இழைப்பு ஆகியவற்றோடு மாரடைப்பும் பக்கவாதமும் இதன் கணக்கில் சேருகின்றன.

2009ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தரநிர்ணயத்தின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகளின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. ஒரு நாளைக்கு 60. உலகச் சுகாதார நிறுவனமோ 2005இல் ஆண்டுச் சராசரியாக 10 என்று கூறியதை, 2021இல் 5 ஆகக் குறைத்தது. குறைந்த அளவிலும் தீங்குண்டு என்று ஆராய்ச்சிகள் காட்டியமையே காரணம். "அனுமதிக்கத்தக்க அளவு" என்று நாங்கள் மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கொரு தயக்கம் உண்டு. அனுமதித்தது சட்டம், நுரையீரல் அன்று. மேலும், பத்து நாள் புகையை 365 நாட்களின் மேல் பரப்பிவிட்டால் ஆண்டுச் சராசரியில் அதன் உருவமே மங்கிவிடும்.

தரத்தைக் கடுமையாக்கினால் பயனுண்டா? கப்பல் எண்ணெயிற் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது, 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாயிற்று. துறைமுகத்தை அடுத்து வாழும் மட்டாஞ்சேரிக்கு இது நேர்ப்பயன். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாட்டின் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஓட்டுபவர் எவரும் வழக்கத்தை மாற்றவேண்டியிருக்கவில்லை. எண்ணெய் மாறிற்று, அவ்வளவே. குப்பைக்கு அத்தகைய எளிய வழியில்லை. வீட்டிலேயே ஈரக் குப்பையைப் பிரித்தாக வேண்டும்.

நாள்தோறும் வெளியாகும் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்ப்போர் ஒன்றை நினைவிற்கொள்க. நம் நாட்டில் 30 மைக்ரோகிராம் வரை "நன்று" என்றே குறிக்கப்படும். உலக நிறுவனத்தின் ஒரு நாள் வரம்போ 15. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, கைக்குழந்தையோ இருப்பின், குறியீட்டின் சொல்லை விட்டு எண்ணையே பாருங்கள்.