இடம் போதாது என்று பேக்கப்பை விட்டுவிட்டால்

2025 செப்டம்பர் 26 இரவு, தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' அதில் எரிந்துபோனது. ஆளுக்கு 30 ஜிபி ஒதுக்கப்பட்டிருந்தது. மொத்தம் 858 டெராபைட். எல்லாக் கோப்பையும் அதில்தான் வைக்க வேண்டும் என்று விதித்திருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகத்துக்குத்தான் பேரிழப்பு. வேறெங்கும் பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரியது என்பதால் எடுக்க முடியவில்லை என்றார்கள் அதிகாரிகள்.

தீ விபத்து எங்கும் நடக்கும். என்னைக் கலங்கவைப்பது அந்த விளக்கம்தான். பேக்கப்புக்கும் சேர்த்து இடம் கணக்கிடாத திட்டம், திட்டமே அல்ல.

நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் சொந்த சர்வரில், ஆவணங்களைச் சேமிக்கும் ஷேர்பாயிண்ட் போன்ற மென்பொருள் ஓடுகிறது. ஒரு லட்சம் ஆவணங்கள், சராசரி 500 கேபி என்றால் 50 ஜிபி போதும் என்று டிஸ்க் வாங்கிவிடுகிறார்கள். கோப்பைத் திருத்தும்போதெல்லாம் பழைய வெர்ஷனும் தங்குகிறது. மைக்ரோசாஃப்ட் தரும் கணக்குப்படி ஆவண எண்ணிக்கையை வெர்ஷன்களாலும் சராசரி அளவாலும் பெருக்க வேண்டும். ஐந்து வெர்ஷன் என்றால் 250 ஜிபி. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் பட்டியல் பதிவுக்கும் 10 கேபி தனி; பட்டியல் பதிவுகள் மூன்று லட்சம் இருந்தால் வெர்ஷன்களோடு சேர்த்து இன்னும் 8 ஜிபி. ஷேர்பாயிண்ட் 2013 பதிப்பு முதல் மாறிய பகுதி மட்டும் சேமிக்கப்படுவதால் உண்மையில் இது குறையலாம். ஆனாலும் திட்டமிடும்போது கூட்டியே போடுங்கள். இந்தக் கோப்புகள் சேரும் ஒரு டேட்டாபேஸ் பொதுவாக 200 ஜிபிக்குள் இருப்பது நல்லது என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே இங்கே இரண்டு டேட்டாபேஸ் வேண்டும்.

அழித்த கோப்பும் உடனே போவதில்லை; ரீசைக்கிள் பின்னில் இயல்பாக 30 நாள் கிடக்கும். டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் லாக் ஃபைல் இன்னொரு பள்ளம். முழு ரெக்கவரி முறையில் லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பும். பிறகு யாரும் எதையும் சேமிக்க முடியாது. லாக்கையும் பேக்கப்பையும் வேறு வேறு டிஸ்க்கில் வையுங்கள். பேக்கப்பின் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

கோப்பு தொலைந்தால் பாதிக்கப்படுவது அலுவலகம் மட்டுமல்ல. பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைகிறவர்களின் சான்று அங்கேதான் கிடக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(அ), பதிவேடுகளை முறையாக அட்டவணைப்படுத்திப் பராமரிப்பது பொது அதிகார அமைப்பின் கடமை என்கிறது. ஒருகாலத்தில் இருந்த ஆவணத்தை வெறுமனே 'கிடைக்கவில்லை' என்று சொல்லி மறுக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்ததற்குப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. உங்களுக்கு அப்படிப் பதில் வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எந்தத் தேதியில் என்று இந்த வாரமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.