வின்சன் சிகரமும் அதன் பெயரும்

மக்கள் வாழும் நாட்டில் பெயரில்லாத மலை இருப்பது அரிது. ஆடு மேய்ப்போரும் விறகு வெட்டுவோரும் சிறு குன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பர். 1865ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் எவரெஸ்டு எனப் பெயரிட்ட சிகரத்தைத் திபெத்தியர் அதற்கு முன்பே சோமோலுங்மா என்று வழங்கி வந்தனர். அண்டார்க்டிகாவிலோ குடிகளே இல்லை. அக்கண்டத்தின் மிக உயர்ந்த சிகரத்திற்குப் பெயர் எங்கிருந்து வந்தது?

தென்துருவத்திற்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், கடல்மேல் மிதக்கும் ரோன் பனித்தட்டை நோக்கி எல்ஸ்வொர்த் மலைகள் எழுகின்றன. 1935 நவம்பர் 23ஆம் நாள் லிங்கன் எல்ஸ்வொர்த் என்னும் அமெரிக்கர் விமானத்தில் அவ்வழியே சென்றபோது அவற்றின் ஒரு பகுதியைக் கண்டார். அடையாளம் ஏதுமற்ற பனிவெளியில் அது தனித்து ஓங்கி நின்றமையால், காவலன் எனப் பொருள்படும் சென்டினல் என்ற பெயரை அத்தொடருக்கு இட்டார். நிலத்தைக் கண்டு பிறந்த நல்ல பெயர் அது.

அத்தொடரின் தென்பகுதியிலுள்ள தலைமைச் சிகரத்தை 1958 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் கண்டன. அதற்கு வாய்த்த பெயரோ நன்றிக்கடனாக வந்தது. கார்ல் வின்சன் நிலநூல் வல்லுநரும் அல்லர், மலையேறியவரும் அல்லர். அண்டார்க்டிக ஆய்வுக்குத் துணைநின்ற ஜார்ஜியா மாநில நாடாளுமன்ற உறுப்பினர். நிதி வழங்கும் அவையை நாடுகாண் பயணிகள் எக்காலத்தும் மறந்ததில்லை!

பெயரினும் உயரமே மிகுந்த தொல்லை தந்தது. முதலில் 5,140 மீட்டர் என்று கணித்தனர். 1966 டிசம்பரில் நிக்கொலஸ் கிளிஞ்சு தலைமையில் அமெரிக்கக் குழுவினர் முதன்முறையாக உச்சியை அடைந்தனர். பின்னர் 2004ஆம் ஆண்டில் செயற்கைக்கோள்வழி அளக்கும் கருவியைச் சிகரத்திற்கே கொண்டுசென்றனர். இன்று ஏற்கப்பட்டுள்ள உயரம் 4,892 மீட்டர். ஏறக்குறைய 250 மீட்டர் குறைந்துவிட்டது. அருகிலுள்ள டைரி சிகரம் 4,852 மீட்டர். இடைவெளி நாற்பதே மீட்டர். இத்தகைய பிழை ஒன்றில் மட்டும் நேர்ந்திருந்தால் முதலிடமே மாறியிருக்கும் அன்றோ? டைரியின் பழைய கணிப்பும் மிகையாகவே இருந்தது. ஆகவே வின்சனின் தலைமை நிலைத்தது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. வின்சன் என்ற சொல் உச்சியைக் குறித்ததா, பல சிகரங்களைத் தாங்கி ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மலைத்திரளைக் குறித்ததா? வழிதேடும் விமானிக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெயர்க்குழு இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து அறிவித்தது. எனினும் அக்கண்டம் முழுமைக்கும் பெயரிடும் ஒரே அதிகாரம் எவருக்கும் இல்லை. சென்டினல் தொடரிலேயே பல பனியாறுகளும் கணவாய்களும் இன்று பல்கேரியா இட்ட பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.