கைக்கேற்ற மின்சூள்

கடலும் குன்றும் காடும் வயலும் ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கும் மாவட்டம் திருகோணமலை. உட்துறைமுகத்தின் விளக்குகள் நீரில் விழுந்து மின்னும் இடத்திலிருந்து சில மைல் அப்பால் சென்றால், தம்பலகாமத்து வயல்வெளியில் தன் கைவிரலைத் தானே காணமுடியாத இருளைச் சந்திக்கலாம். மேனாடுகளில் கோடைகாலத்து அந்தி வெளிச்சம் நெடுநேரம் நீடிக்கும். இங்கோ, சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குள் இருள் கவிந்துவிடுகிறது. வயலிலிருந்து திரும்பும் உழவர், வலை இழுத்துக் கரைசேரும் மீனவர், துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வருவோர், மாலை வகுப்பு முடிந்து ஒழுங்கை வழியே வீடு திரும்பும் மாணவியர் ஆகிய எல்லோருக்கும் கையோடு ஒரு விளக்கு இருப்பது ஆடம்பரமன்று.

முற்காலத்தில் இத்தேவையைத் தீர்த்தது, காய்ந்த தென்னோலையைக் கட்டிக் கொளுத்திய சூள். அதன்பின் மண்ணெண்ணெயில் எரியும் அரிக்கன் லாம்பு வந்தது. மின்னால் எரியும் சூள் என்னும் கருத்திலேயே இலங்கைப் பாடநூல்கள் ‘மின்சூள்’ என்ற பெயரை வழங்கின. ஊர் வழக்கில் அது ரோர்ச் லைற். குழாய் வடிவான மின்சூளுக்கு 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் காப்புரிமை பெற்றார். அக்காலத்து உலர்கலம் நெடுநேரம் மின்னோட்டம் வழங்கும் ஆற்றல் அற்றது. பொத்தானைச் சற்றே அழுத்தி, ஒளி தோன்றிய கணத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மின்னி மறையும் ஒளி என்று பொருள்படும் பெயரை அமெரிக்கர் அதற்கு இட்டது இக்காரணத்தாலேயே.

பழைய மின்சூளில் இருந்தது தங்குதன் இழைக் குமிழ். அது உண்ட மின்னில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாயிற்று. இன்றைய மின்சூளில் இழையில்லை, எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி அதன் இடத்தைப் பிடித்துள்ளது. சிவப்பு ஒளி தரும் எல்.ஈ.டி. 1962இலேயே உருவாயினும், செறிந்த நீல ஒளி தருவது கிடைக்க 1990கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சைச் சேர்த்தபோதே கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும் ஒளி பிறந்தது. இதற்கு அடிகோலிய அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. குறைந்த மின்னில் நிறைந்த ஒளி கிடைத்தது பெரும் நன்மை. அந்நன்மையோடு கடைகளுக்கு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. அது பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் எண்கள்.

மின்சூள் வெளிவிடும் ஒளியின் மொத்த அளவு லூமன் என்னும் அலகால் சொல்லப்படும். நல்ல மின்சூள் ஒன்று, ஒரு வாட் மின்வலுவுக்கு ஏறத்தாழ 100 லூமன் ஒளி தரும் என்று கொள்ளலாம். இன்று பரவலாக வழங்கும் இலித்தியம் அயன் கலத்துக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். தரமான கலம் முழுதும் மின்னேறிய நிலையில் ஏறக்குறைய 12 வாட் மணி ஆற்றலைத் தேக்கி வைக்கும். ஆகவே 100 லூமன் ஒளியை அது சுமார் 12 மணி நேரம் தரலாம். 1,000 லூமன் ஒளியை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தரலாம். பெட்டியில் 10,000 லூமன், பத்து மணி நேரம் என்று எழுதியிருந்தால், ஐந்தாம் வகுப்புக் கணக்கே அதனைப் பொய்யென்று காட்டிவிடும். கலத்தின் மேல் 9,900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பதும் அவ்வகையினதே. அந்தப் பருமனுள்ள நல்ல கலங்கள் பெரும்பாலும் 3,500 அளவில் நின்றுவிடுகின்றன. உண்மையாகவே பேரொளி வீசும் மின்சூள்களுக்கும் ஓர் எல்லை உண்டு. சிறிய குழாயில் அடைபட்ட வெப்பம் வெளியேற வழியின்மையால், சில நிமிடங்களில் அவை தாமே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியிலுள்ள எண் அச்சில நிமிடங்களுக்கே உரியது.

வீட்டுக்குள் நடமாட 5 லூமன் போதும். ஒழுங்கையிலும் வரம்பிலும் நடக்க 50 முதல் 100 லூமன் தாராளம். இது மிகக் குறைவு என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இருட்டடிப்பு விதியின்படி, பிரித்தானிய நகர மக்கள் மின்சூளின் கண்ணாடிமேல் மெல்லிய தாளை ஒட்டி, ஒளியை நிலத்தை நோக்கியே பிடித்து நடந்தனர். இருளுக்குப் பழகிய கண்ணுக்குச் சிறிது ஒளியே பெரிதாகத் தோன்றும். அவ்வாறு பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒரு கணப் பேரொளி அதனைக் கெடுத்துவிடும்.

இம்மாவட்டத்தில் நாள்தோறும் மின்சூள் கையிலிருக்க வேண்டுவதற்கு முதற் காரணம் பாம்பு. பெரும்போக வேளாண்மை நடக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழையும் இருளும் சேர்ந்தே வரும். மடை திறக்கவும் நீர் கட்டவும் உழவர் வேளையல்லாத வேளையில் வரம்பில் நடக்கின்றனர். கண்ணாடிப் புடையன் மாலை மயங்கியபின் இரை தேடி வெளிவரும் பாம்பு. அதன் உடலிலுள்ள வட்டங்கள் சருகோடும் மண்ணோடும் ஒன்றிப்போகும். மனிதர் வரும்போது விலகி ஓடாமல் கிடந்த இடத்திலேயே கிடப்பதும் அதன் இயல்பு. இங்கே ஒளியின் அளவைவிட, அது வரும் திசையே முக்கியம். இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்த மின்சூளின் ஒளி சாய்வாக விழுவதால், தரையிற் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் தன் பின்னே நிழல் விழுத்தும். அந்நிழலால் பாம்பின் உடல் திரண்டு தெரியும். நெற்றியிற் கட்டும் விளக்கோ கண்ணின் அருகிலிருந்தே ஒளி வீசுகிறது. நிழல் பொருளின் பின்னே மறைந்து, தரை தட்டையாகத் தோன்றுகிறது. இரு கைக்கும் வேலையுள்ள மீனவருக்கு நெற்றி விளக்கு மிகவும் உதவும். வரம்பில் நடப்பவருக்குக் கைவிளக்கே சிறந்தது. ஒளியின் நிறத்தையும் கவனித்தல் நன்று. நீலம் மிகுந்த வெளிச்சத்தில் மண்ணும் சருகும் ஒன்றுபோல் வெளிறித் தோன்றும். சற்று மஞ்சள் தோய்ந்த ஒளி அவற்றைப் பிரித்துக் காட்டும்.

எண்ணெய் விரியனின் வழி வேறு. அது இரவில் வீட்டுக்குள் நுழைந்து, தரையிற் பாய் விரித்து உறங்குவோரைக் கடிக்கும். கடிபட்ட இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. ஐயம் எழுந்தவுடனேயே நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலியில்லையே என்று விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாய் முடியும். நித்திரையிலிருந்து எழுபவர் காலைத் தரையில் ஊன்றுமுன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மின்சூள் இருக்க வேண்டும். அழுத்தியவுடன் மங்கிய ஒளியே முதலில் வரும்படி அமைந்ததாயின், கண்ணும் கூசாது, பிள்ளைகளும் விழித்துக்கொள்ளார்.

கந்தளாய், மூதூர், வெருகல் ஆகிய பகுதிகளில் யானைக்கு அஞ்சி நடப்போருக்கு மட்டும் தொலைவிற் பாயும் ஒளி தேவைப்படுகிறது. அங்கே லூமனைப் பார்த்துப் பயனில்லை. ஒரே திசையில் ஒளி எவ்வளவு செறிந்து செல்கிறது என்பதைக் குறிக்கும் கண்டெலா என்னும் அலகையே பார்க்க வேண்டும். பெட்டியில் இத்தனை மீற்றர் என்று எழுதியிருக்கும் எல்லை, ஒளி முழுநிலவின் வெளிச்சமளவுக்குக் குறைந்துபோகும் தூரமாகும். 100 மீற்றருக்கு 2,500 கண்டெலா வேண்டும். 200 மீற்றருக்கு அதன் இருமடங்கு போதாது, நான்கு மடங்காகிய 10,000 வேண்டும். அந்த எல்லையில் நிற்கும் யானை ஒரு நிழல்போலவே தெரியும். ஆதலால் பெட்டியிலுள்ள தூரத்தில் பாதியை நம்புவதே அறிவுடைமை. இத்தகைய மின்சூள் பெரிதாயிருக்கும். சட்டைப் பையில் அடங்காது. காவற் பரணில் அதனை வைத்துக்கொள்ளலாம்.

கடலிற் செல்வோரின் தேவை வேறு. கொட்டியாரக்குடாவில் இரவில் வள்ளம் செலுத்துபவருக்குத் தொலைவிலுள்ள பிற படகுகளின் விளக்குகளைக் காணும் கண்ணே துணை. வள்ளத்துக்குள் பேரொளி எரித்தால் கண் இருளை மறந்துவிடும். வலையைப் பார்க்கவும் இயந்திரத்தைப் பார்க்கவும் மங்கிய சிவப்பொளி போதும். ஆபத்து வந்தவிடத்து மூன்று குறு ஒளி, மூன்று நெடு ஒளி, மீண்டும் மூன்று குறு ஒளி என்று காட்டுவது உலகெங்கும் அறியப்பட்ட அபயக் குறி. ஆளியைக் கையால் இயக்கியே இதனைக் காட்ட முடியுமாதலால், இதற்கென ஒரு தனி அமைப்பை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நீரில் விழுந்தால் மிதக்கும் மின்சூளாயின் இன்னும் நன்று.

இம்மாவட்டத்தில் மின்சூளைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. உப்பு நீர் மின்னைக் கடத்தும். ஒரு துளி உள்ளே புகுந்தாலும் வில்லிலும் தகட்டிலும் களிம்பு ஏறிவிடும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்றிருந்தால் மழைத்தூறலைத் தாங்கும் என்பது பொருள். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீற்றர் நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். கரையோர மக்கள் 7க்குக் குறைந்ததை வாங்காதிருப்பது நலம். நீர் புகாமற் காப்பது மூடியின் திருகிலுள்ள மெல்லிய இறப்பர் வளையமே. அது வெடித்துப்போனால் பெட்டியில் எழுதியிருந்த எண்ணுக்கும் பொருளில்லை. கடலிற் சென்று திரும்பியதும், மூடியை இறுக்கியபடியே நன்னீரில் கழுவித் துடைத்து உலர்த்திய பின்னரே திறக்க வேண்டும்.

அடுத்தது கலம். மின்னேற்றத்தக்க இலித்தியம் கலம் ஆற்றல் மிக்கது, நாளடைவில் சிக்கனமானது. ஆயினும் மின்சாரம் இல்லாவிடில் அதற்கு உயிரில்லை. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியது. இத்தகைய நாட்களில் கிராமத்து மூலைக்கடையிலும் கிடைக்கும் ஏ.ஏ. அளவுள்ள கலமே, பென்ரோர்ச் பற்றரி என்று கடைக்காரர் சொல்வதே, கைகொடுக்கும். வடக்கில் 1990களில் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் உலர்கலமும் ஒன்றாயிருந்தது. ஒரு கலத்தின் அருமையை அறிந்த தலைமுறை அது. மின்னேற்றத்தக்க நிக்கல் கலத்தையும் கடைக் கலத்தையும் மாறி மாறி இடக்கூடிய ஏ.ஏ. மின்சூள் ஒன்றே கிராமத்துக் குடும்பத்துக்குப் பொருத்தமானது. நகரில் இருப்போர் இலித்தியம் வகையை வாங்கலாம். கலத்தைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குக. மலிவான மின்னேற்று மின்சூள்கள் சிலவற்றுள் ஈய அமிலக் கலம் இருக்கும். அது முழுதும் வடிந்தபின் சில மாதங்கள் சும்மா கிடந்தால் மீளாது.

தேய்ந்த கலத்தை வெயிலிற் காயவைத்து மீண்டும் இடும் பழக்கம் ஊர்களில் உண்டு. சூட்டினால் உள்ளே நிகழும் இரசாயனத் தாக்கம் விரைவுற்றுச் சிறிது மின் கிடைப்பது உண்மையே. ஆனால் கலத்தின் துத்தநாகக் கூடு ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்குமாதலால் அது விரைவில் கசிந்து, கலத்தைவிடப் பன்மடங்கு விலையுள்ள மின்சூளையே கெடுத்துவிடும்.

கைத்தொலைபேசியில் விளக்கு இருக்கிறதே என்பர் பலர். வீட்டு வாயிலில் திறப்பைத் தேட அது போதும். புயலடிக்கும் இரவிலோ தொலைபேசியின் மின்னை, உறவினரையும் வைத்தியசாலையையும் அழைப்பதற்குச் சேமித்து வைக்க வேண்டும். மழையில் நனைந்த கையோடு கண்ணாடித் திரையைத் தடவி விளக்கேற்றுவதும் எளிதன்று.

கடையில் நின்று செய்யக்கூடிய சோதனைகள் சில. ஈரக் கையால், ஒற்றைக் கையால், பார்க்காமலே ஆளியை இயக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சூளை எரியவிட்டு உள்ளங்கையில் நன்றாகத் தட்டினால் ஒளி சிமிட்டலாகாது. பையிற் கிடக்கும்போது தானே எரியாதபடி, மூடியைச் சற்றுத் தளர்த்தினால் மின் தடைப்பட வேண்டும். ஆறு வகை, ஏழு வகை என்று ஒளி மாறும் மின்சூள்கள் சிறுவருக்கு வேடிக்கை. வரம்பில் பாம்பு கிடக்கையில் மூன்றுமுறை அழுத்தித் துடிக்கும் ஒளியைக் கடந்து வரவேண்டிய கருவி எதற்கு? தாழ்ந்த ஒளி ஒன்று, உயர்ந்த ஒளி ஒன்று, இரண்டே போதும்.

நெடுநாள் பயன்படுத்தாத மின்சூளிலிருந்து கலத்தைக் கழற்றி வைக்க வேண்டும். அல்கலைன் கலம் கசிந்து வெண்பூச்சுப் படிந்திருப்பின், சிறிது வினாகிரியோ எலுமிச்சஞ் சாறோ தோய்த்த பஞ்சால் துடைத்து, ஈரம் போக உலர்த்தினால் பெரும்பாலும் மீண்டும் எரியும். வீங்கிய இலித்தியம் கலத்துக்கு மருந்தில்லை. அதனைக் குத்தவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது. எரிந்தால் வெடித்துத் தீப்பற்றும். முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, பிற கலங்களோடு சேராமல் தனியே வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுத்துவிட வேண்டும்.