சிற்றுரு அமைத்தல்

பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைக்கு உரிய இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமாகும். தச்சன் செய்து கொடுத்த சிறு தேரைக் குழந்தை உருட்டி மகிழ்கின்றது. அத்தேருக்குச் சக்கரம் உண்டு, தட்டும் உண்டு. ஆயினும், கோயில் தேரின் உயரம் யாது, அதற்கேற்பச் சிறுதேரின் உயரம் அமைந்துள்ளதா என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. தேர் போலத் தோன்றினால் குழந்தைக்குப் போதும். மெய்ப்பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சிறிய உருவமாகச் செய்வது வேறொரு கலை. அவ்வாறு செய்யப்பெறும் பொருளை நாம் சிற்றுரு என வழங்கலாம். கப்பல், வானூர்தி, புகைவண்டி, மாளிகை முதலியவற்றின் சிற்றுருக்களை இளைஞரும் முதியோரும் ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்கின்றனர். விளையாட்டுப் பொருளையும் சிற்றுருவையும் வேறுபடுத்துவது அளவுகோல் ஒன்றே.

1:72 என்னும் விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இவ்விகிதத்தில் அமைந்த சிற்றுருவில் ஓர் அங்குலம் என்பது மெய்ப்பொருளின் 72 அங்குலத்தை, அஃதாவது ஆறு அடியைக் குறிக்கும். ஆறடி உயரமுள்ள மனிதன் அதில் ஓரங்குல உயரமே இருப்பான். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் என்னும் வானூர்தியின் இறக்கைகள் முனைக்கு முனை 36 அடி 10 அங்குலம் நீண்டிருந்தன. அதன் சிற்றுருவில் அந்நீளம் ஆறு அங்குலத்தைச் சற்றே கடந்து நிற்கும். வானூர்திகளுக்கு 1:72, 1:48 ஆகிய விகிதங்களும், போர் ஊர்திகளுக்கு 1:35 என்னும் விகிதமும், மிகப் பெரிய கப்பல்களுக்கு 1:350, 1:700 ஆகியவையும் பெருவழக்காக உள்ளன.

நீளம் 72இல் ஒரு பங்காகக் குறையும்போது, பரப்பும் கன அளவும் அதே அளவில் குறைவதில்லை. பரப்பு 5,184இல் ஒரு பங்காகவும், கன அளவு 3,73,248இல் ஒரு பங்காகவும் சுருங்கிவிடுகின்றன. கணித வகுப்பில் பயின்ற வர்க்கமும் கனமும் ஈண்டு வந்து நிற்கின்றன. ஆதலால், சிற்றுரு தோற்றத்தில் மெய்ப்பொருளை ஒத்திருப்பினும், எடையிலும் இயக்கத்திலும் தானாக ஒத்துவிடுவதில்லை. சிறு கப்பலை நீரில் இழுத்துப் பார்த்துப் பெருங்கப்பலின் இயல்பை அறிவது எவ்வாறு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரியதொரு சிக்கலாக இருந்தது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் வில்லியம் பிரௌடு என்பவர், டார்க்கி என்னும் ஊரில் 1870களின் தொடக்கத்தில் நீண்டதொரு நீர்த்தொட்டியை அமைத்து, பாரபின் மெழுகால் செய்த கப்பலுருக்களை அதில் இழுத்து ஆராய்ந்தார். நீளத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப வேகத்தைக் குறைத்து இழுத்தால், சிற்றுரு எழுப்பும் அலைகள் பெருங்கப்பலின் அலைகளை ஒத்திருக்கும் என்று அவர் காட்டினார். 25இல் ஒரு பங்கான சிற்றுருவை 5இல் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தல் வேண்டும். கப்பல்களின் வடிவை இன்றும் இவ்விதியைக் கொண்டே சோதிக்கின்றனர்.

பிரௌடின் உருக்கள் அறிஞர் கையில் உருவானவை. பள்ளி மாணவர் கையில் உருவான சிற்றுருக்களும் ஒரு காலத்தில் உயிர்காக்கும் பணிக்குப் பயன்பட்டன. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஐக்கிய நாடு உலகப் போரில் இறங்கியது. கப்பலின் மேல்தளத்தில் பீரங்கியுடன் நிற்கும் வீரனுக்கு, வானில் தோன்றும் ஊர்தி தன்னாட்டினதா, பகைவனுடையதா என்று முடிவு செய்யச் சில நொடிகளே கிடைக்கும். வண்ணமும் குறியும் தொலைவில் தெரியா. உருவம் ஒன்றே தெரியும். தவறாக அறிந்தால், தன் தோழனையே சுட்டு வீழ்த்த நேரிடும். ஆகவே, 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கடற்படைத் துறை, பள்ளி மாணவர்கள் 5,00,000 வானூர்திச் சிற்றுருக்களைச் செய்து தருதல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அவை அனைத்தும் 1:72 என்னும் விகிதத்தில் மரத்தால் அமைந்தவை. உருவக்கோடு மட்டுமே கண்ணுக்குப் படும்படி அவற்றிற்குக் கருநிறம் பூசினர். அத்தகைய சிற்றுரு ஒன்றை 35 அடிக்கு அப்பால் பிடித்துப் பார்த்தால், மெய்யான வானூர்தியை 2,520 அடிக்கு அப்பால், அஃதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் காண்பது போன்றிருக்கும். வகுப்பறைக்குள்ளேயே வீரர்கள் வானத்தைக் கண்டு பயின்றனர் எனலாம். மூக்கு சற்று நீண்டுவிட்டால், அல்லது இறக்கை சற்று அகன்றுவிட்டால், அச்சிற்றுரு பயனற்றது என்பதோடு நில்லாது, பார்ப்பவனுக்குப் பொய்யையே கற்பிக்கும். அழகாக மெருகேற்றியிருப்பினும் அளவு பிசகிய உரு ஏற்கத் தக்கதன்று.

அம்மாணவர்களுக்கு வரைபடங்களும், அட்டையில் வெட்டிக்கொள்ளும் வார்ப்புகளும் அளிக்கப்பட்டன. மரத்தில் சிற்றுரு செதுக்கும் முறை இன்றும் பெரிதும் மாறவில்லை. முடிச்சும் வெடிப்பும் இல்லாத மென்மரத் துண்டு ஒன்றைச் செவ்வகக் கட்டையாக இழைத்துக்கொள்ள வேண்டும். வானூர்தியைப் பக்கவாட்டில் நோக்கினால் தோன்றும் கோட்டைக் கட்டையின் பக்கத்தில் வரைந்து, வாளால் அறுத்தல் வேண்டும். பின்னர், மேலிருந்து நோக்கினால் தோன்றும் கோட்டை மேற்புறத்தில் வரைந்து அறுத்தல் வேண்டும். இப்பொழுது கட்டை வானூர்தியின் வடிவைப் பெற்றிருக்கும். ஆனால், மூலைகள் கூராக நிற்கும். அடுத்து வருவதே அரிய பகுதி. உடலை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினால் எத்தகைய வட்டம் தோன்றும் என்பதை வரைபடம் காட்டும். அவ்வடிவை அட்டையில் உட்குழிவாக வெட்டிக்கொண்டு, மரத்தின் மேல் பொருத்திப் பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். அட்டைக்கும் மரத்திற்கும் இடையே ஒளி தெரிந்தால், அட்டையைத் தடுக்கும் மேடு எங்கோ எஞ்சியிருக்கின்றது என்று பொருள். அம்மேட்டை மட்டும் நீக்குதல் வேண்டும். பள்ளமாகச் செதுக்கிவிட்டால் மக்கு இட்டு நிரப்புவதன்றி வேறு வழியில்லை. ஆதலால், கோட்டுக்கு வெளியே சிறிது மரத்தை விட்டுவைத்து, இறுதியாக உப்புத்தாளால் தேய்த்துக் கோட்டை அடைவதே தேர்ந்தோர் வழக்கம். இறக்கைகளைப் பொருத்தியபின் சிற்றுருவைச் சமதளமான மேசை மேல் வைத்து, இரு முனைகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் உள்ளனவா என்று அளவுகோலால் அளத்தல் வேண்டும். கண் எளிதில் ஏமாறும், அளவுகோல் ஏமாறாது.

இக்காலத்தில் பெரும்பாலோர் பிளாஸ்டிக் உறுப்புகள் அடங்கிய பெட்டியை வாங்கியே தொடங்குகின்றனர். 1936இல் இங்கிலாந்தில் பிராக் பெங்குவின் என்னும் பெயரால் 1:72 விகிதத்தில் இத்தகைய பெட்டிகள் வெளிவந்தன. அவை செல்லுலோஸ் அசிட்டேட்டு என்னும் பொருளால் ஆனவை. நாளடைவில் கோணிப்போகும் குறை அதற்கு உண்டு. போருக்குப்பின் பாலிஸ்டிரீன் அதன் இடத்தைப் பெற்றது. 1952இல் ஏர்பிக்ஸ் நிறுவனம் கோல்டன் ஹைண்டு என்னும் பழைய கப்பலின் உறுப்புகளை ஒரு சிறு பையில் இட்டு இரண்டு ஷில்லிங்கிற்கு விற்கத் தொடங்கியதும், இக்கலை எளிய வீட்டுச் சிறுவருக்கும் எட்டியது.

பெட்டியைத் திறந்தவுடன் உறுப்புகளைக் கையால் முறித்தெடுத்து ஒட்டத் தொடங்குதல் கூடாது. சட்டத்தோடு இணைந்திருக்கும் உறுப்பை முறித்தால், அதன் ஒரு பகுதியும் பிய்ந்து வந்துவிடும். வெட்டுக்குறட்டால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்தல் வேண்டும். பசை இடுவதற்கு முன் உறுப்புகளை வெறுமனே பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது. பாலிஸ்டிரீனுக்கு உரிய பசை, மரத்திற்கு இடும் பசை போன்றதன்று. அது இரு பரப்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக இணைத்துவிடுகின்றது. ஆகவே, பிழையாக ஒட்டியதைப் பிரித்தெடுத்தல் அரிது. அதன் ஆவி உடலுக்கு ஆகாது. சன்னலைத் திறந்துவைத்தே பணி செய்தல் வேண்டும். சாமணம் சிறிய உறுப்புகளைப் பிடிக்கவும், மெல்லிய தூரிகை பசையையும் வண்ணத்தையும் இடவும் உதவும். கத்தி, வெட்டுக்குறடு, அரம், உப்புத்தாள், சாமணம், தூரிகை, அளவுகோல் ஆகிய ஏழும் இருந்தால் தொடங்குவோர்க்குப் போதும். வண்ணம் தெளிக்கும் பொறி முதலிய விலையுயர்ந்த கருவிகளைத் தொடக்கத்திலேயே வாங்கிக் குவிப்போர் பலர்; அவற்றுள் பாதி, பெட்டிக்குள்ளேயே உறங்குகின்றன. கத்தி மட்டும் கூர்மையாக இருத்தல் வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டும்போதே அது வழுக்கி விரலைப் பதம் பார்க்கின்றது.

கைத்திறன் வளர வளர வேறொரு சிக்கல் தோன்றும். எல்லாப் பொருளையும் விகிதப்படி குறைக்க இயலாது. பிளாஸ்டிக் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிப்புடையதாயின், 1:72 விகிதத்தில் அது 72 மில்லிமீட்டர் தடித்த சுவருக்கு ஒப்பாகும். வானூர்தியின் உலோகத் தகடு அத்துணைத் தடிப்பாக இராது. ஆகவே, வெளியே தெரியும் ஓரங்களைத் தேர்ந்தோர் உட்புறமாகச் சீவி மெல்லியதாக்குவர். வண்ணத்தைத் தடிப்பாகப் பூசினாலும் இதே குறை நேரும். மெல்லிய பூச்சுகள் பலவாக இட்டு, ஒவ்வொன்றையும் உலரவிடுதலே முறை. மெய்யான வானூர்தியில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆணித்தலை, சிற்றுருவில் 0.07 மில்லிமீட்டராகும், அதனைக் கண் காண்பதரிது. அவ்வாறிருக்க, கடுகு போல் புடைத்த ஆணிகளைச் சிற்றுரு முழுவதும் பதித்து வைப்பது உண்மையைக் கூட்டுவதாகாது. நிறத்திலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். தொலைவில் உள்ள மலை வெளுத்துத் தோன்றுவது போல, தொலைவில் உள்ள பொருளின் நிறமும் சற்று வெளிறியே தெரியும். சிற்றுருவைக் காண்பது தொலைவிலிருந்து மெய்ப்பொருளைக் காண்பதற்கு ஒப்பாதலின், வண்ணத்தில் சிறிது வெண்மை கலப்போர் உளர். வேண்டாம் என்போரும் உளர். கலந்து பூசிய உருவே இயற்கையாகத் தோன்றுகின்றது என்பது என் கருத்து.

அளவில் ஒரு முறை இணங்கிப்போனால் அது எத்துணைக் காலம் நீடிக்கும் என்பதற்குப் பிரிட்டனின் சிறு புகைவண்டிகள் சான்றாகும். 1:87 விகிதத்தில் இருப்புப்பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர், மெய்யான பாதையின் 1,435 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் இது கிடைக்கும். ஆனால், பிரிட்டன் நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களினும் சிறியவை. அவ்விகிதத்தில் செய்த எஞ்சினுக்குள் அக்கால மின்பொறியை அடக்க முடியவில்லை. எனவே, வண்டியை மட்டும் ஏறத்தாழ 1:76 விகிதத்தில் பெரிதாக்கி, பாதையைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டனர். 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ வண்டிகளும் இவ்வாறே அமைந்தன. அதனால், பருத்த உடல் மெலிந்த கால்களின் மேல் நிற்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. இதனைப் பொறாத ஆர்வலர் சிலர், 1960களில் பாதையின் அகலத்தை 18.83 மில்லிமீட்டராகத் திருத்திக்கொண்டு, சக்கரங்களையும் தாமே மாற்றி அமைத்தனர். கடைகளில் விற்பவை இன்றும் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டரிலேயே ஓடுகின்றன.

வண்ணம் நன்கு உலர்ந்தபின், எண்களும் சின்னங்களும் அச்சிட்ட மெல்லிய படங்களை நீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு உரிய இடத்தில் ஒட்டுதல் வேண்டும். முடிந்த சிற்றுருவைக் கடும் வெயில் படாத இடத்தில் வைத்தல் நன்று. வெப்பத்தால் பிளாஸ்டிக் இளகி வளைந்துவிடும். அதன் பீடத்தில் பொருளின் பெயரை எழுதுவோர் பலர் விகிதத்தை எழுத மறந்துவிடுகின்றனர். அதனையும் எழுதி வைத்தால், காண வருபவர் அளவுகோலை வைத்து அளந்து, 72ஆல் பெருக்கி, மெய்யான இறக்கையின் நீளத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்வர்.