பழைய போன்களை ஆப்கள் எப்போது கைவிடுகின்றன? சாகண் தொழிலாளிக்கு இது ஏன் முக்கியம்?

புனே அருகே உள்ள சாகணில் பஜாஜ், மஹிந்திரா போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இருக்கின்றன. இங்கே முதல் முறையாக வேலைக்குச் சேரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு பி.எஃப். எண் (யுஏஎன்) வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல், சில விதிவிலக்குகள் தவிர, 'உமங்' ஆப்பில் முகத்தைக் காட்டித்தான் அந்த எண்ணைப் பெற முடியும். போன் பழசு, ஆப் ஓடலைன்னா?

எல்லையை வைப்பது யார்?

ஆப்பை உருவாக்குபவர்கள்தான். 2023 அக்டோபர் 24 முதல் வாட்ஸ்ஆப்புக்கு ஆண்ட்ராய்டு 5.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும்.

ஏன் கைவிடுகிறார்கள்?

பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிடும். புதிய வசதிகள் அவற்றில் வேலை செய்யாது. ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாப் பதிப்புகளிலும் சோதித்துப் பார்க்க ஆளும் நேரமும் செலவாகும்.

சிக்கல் எங்கே?

சராசரியில். 2013-ல் வந்த கிட்கேட் பதிப்புக்கு 2023-ல் ஆதரவை நிறுத்தியபோது, அதைப் பயன்படுத்தும் போன்கள் 1 சதவீதத்துக்கும் கீழே என்றது கூகுள். ஆனால், மொத்தக் கணக்கில் 1 சதவீதமாக இருப்பது, குறைந்த சம்பளக்காரர்கள் அதிகமுள்ள இடத்தில் 5 சதவீதமாக இருக்கலாம். 200 பேர் சேரும் இடத்தில் அது 10 பேர்.

பதிப்பு மட்டுமே பிரச்னையும் இல்லை. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், அரசு 2019-ல் கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2 ஜிபி ரேம் கொண்ட அந்த போன்களால் ஊட்டச்சத்துப் பதிவு ஆப்பைத் தாங்க முடியவில்லை என்பது அவர்களின் புகார்களில் ஒன்று.

எப்படி முடிவெடுக்கலாம்?

கேம் ஆப் நின்றால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். வேலைக்கும் சம்பளத்துக்கும் கட்டாயமான ஆப்பில் அது முடியாது. அப்படிப்பட்ட ஆப்பை வெளியிடுபவர்கள் மூன்று விஷயங்களைச் செய்யலாம்: சொந்தப் பயனர்களின் போன்களைக் கணக்கெடுப்பது, சில மாதங்கள் முன்பே சொல்வது, ஆப் இல்லாமலும் வேலை முடியும் ஒரு கவுன்டரைத் திறந்து வைப்பது.

நீங்கள் என்ன செய்யலாம்?

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பு இருக்கும். புது போன் வாங்கும் முன், இலவச அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.