உங்களுக்குத் தெரியுமா? மருந்து மிகும்போது மீண்டும் முளைக்கும் பூஞ்சை!

காஸ்போஃபஞ்சின் மருந்து குறைந்த அளவிலேயே கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையை அடக்கிவிடும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மருந்தைப் பல மடங்கு கூட்டும்போது, இதன் சில ரகங்கள் மறுபடி வளரத் தொடங்குகின்றன!

• செல்சுவருக்கு வேண்டிய குளுக்கான் உற்பத்தியை இம்மருந்து தடுக்கிறது. சுவர் தளர்வதை உணர்ந்ததும் பூஞ்சை கைட்டினைக் கூடுதலாக உருவாக்கிச் சுவரைப் பலப்படுத்துகிறது. ஆம், இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின்!

• கால்சினியூரின் என்ற நொதியை முடக்கினால் இந்த மறுவளர்ச்சி நடப்பதில்லை.

• இது மரபணு மாற்றத்தால் வரும் எதிர்ப்பு அல்ல, தற்காலிகத் தற்காப்பு.

• நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையும் இப்படியே தப்பிக்கிறது.

• இதுபோன்ற முரண் பாக்டீரியாவிலும் உண்டு: பென்சிலின் மிகும்போது சில பாக்டீரியாக்கள் மெதுவாகச் சாவதை ஆய்வாளர் ஹாரி ஈகிள் 1948இலேயே பதிவு செய்தார்.